கதவு வளருமா?

“ஆசாரியம்மா, கதவு வளருமா?”

ஆவுடையம்மாள் பட்டறை வாசலில் நின்றபடியே கேட்டாள். உள்ளே வந்து உட்காரக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

ஆசாரியம்மா முத்துப்பேச்சி ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எந்தக் கதவு?”

“எங்க வீட்டு வாசக் கதவுதான். நிலையில இடிக்குதுன்னு இழைப்புளி வச்சு சீவினேன். ஒரு வாரம் ஒழுங்கா சாத்துச்சு. மறுபடி இடிச்சுது. மறுபடி சீவினேன். இப்போ திரும்பவும் இடிக்குது. நான் சீவச் சீவ அது வளருது. என் மேல ஏதோ வஞ்சம் வச்ச மாதிரி.”

அரம் போடும் சத்தம் நிற்கவில்லை.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் ஆசாரியம்மா யார் வீட்டுக்கும் வந்து பார்க்க மாட்டாள். பழுதை நன்றாகப் பார்த்து, வாய் வார்த்தையில் தூக்கிக்கொண்டு வருவது வருகிறவர் பாடு. பாதிப் பழுதைக் கொண்டுவந்தால் கால் பதில்கூடக் கிடைக்காது.

ஆவுடையம்மாளுக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதனால் சிஷ்யையை ‘அக்கா’ என்றுதான் குரு கூப்பிடுவாள்.

“எங்கே இடிக்குதுக்கா?”

“தாழ்ப்பாள் பக்கம், மேல. கீழ மூலை தரையிலயும் உரசுது. உரசுற இடத்தையெல்லாம் சீவிட்டேன். அடியில இப்போ பல்லி குடும்பத்தோட வந்து போகலாம். அப்பவும் உரசுது.”

முத்துப்பேச்சி ரம்பத்தின் அடுத்த பல்லுக்கு அரத்தை நகர்த்தினாள்.

“ஆசாரியம்மா, இன்னைக்கு வெள்ளி. ஞாயித்துக்கிழமை காலையில எங்க கொழுந்தன் டெம்போவோட வர்றார். ‘சாத்தாத கதவ வச்சுக்கிட்டு ஒத்தப் பொம்பள எப்படி இருப்பீங்க மதினி, எங்க வீட்டுப் பின்கட்டுல வந்து இருங்க’ன்னு அவரே முடிவு பண்ணிட்டார். என் வீட்டுல குடிவைக்க ஆளும் பாத்துட்டார். கதவு சாத்துச்சுன்னா வந்த வழியே போயிருதேன்னு சொல்லியிருக்கார். சாத்தாதுங்கிற தைரியம். அந்தப் பின்கட்டுக்குப் போனா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? சாகுற வரைக்கும் அவங்க வீட்டுப் பாத்திரம்தான் எனக்குச் சொத்து.”

சொல்லிக்கொண்டே அவள் காலை மாற்றி மாற்றி நின்றாள். தோளில் தொங்கிய துணிப்பைக்குள் இழைப்புளி இருந்தது. பையின் வார் முடிச்சு தளர்ந்து, பை இறங்கி, அவள் அசையும்போதெல்லாம் முழங்காலில் இடித்தது.

“ஸ்ஸ்!” என்று காலைத் தேய்த்துக்கொண்டாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. பை முட்டியில இடிக்குது.”

முத்துப்பேச்சி அரத்தைக் கீழே வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள். வந்து குத்தவைத்து உட்கார்ந்தாள். பையின் அடி மூலையைப் பிடித்துக் கத்தரிக்கோலை அகலத் திறந்தாள்.

“ஐயோ! என்ன செய்யுறீங்க?”

“இடிக்குதுன்னு சொன்னீங்களே. இடிக்கிற இடத்தை வெட்டிருவோம்.”

ஆவுடையம்மாள் பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பைத்தியமா உங்களுக்கு?”

முத்துப்பேச்சி கத்தரிக்கோலைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். ரம்பத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அரம் மறுபடி கிறீச்சிட்டது.

“கதவுக்குப் பதில் சொல்லலையே?”

அரம்தான் பேசியது.

வீடு போய்ச் சேரும் வரை ஆவுடையம்மாள் வாய் ஓயவில்லை. ‘கதவைக் கேட்டா பையை வெட்ட வருது. சின்னப்பிள்ளைகிட்டப் போய்ப் பாடம் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். ஏதோ நல்லா இழைக்கக் கத்துக்கொடுத்தா, அதோட நிறுத்தியிருக்கணும்.’

வீட்டுக்குள் நுழைந்ததும் இழைப்புளியை எடுத்தாள். இன்னொரு தடவை சீவிப் பார்ப்பது என்று முடிவு. கதவின் கீழ் மூலைக்குக் குனிந்தாள்.

தோளில் இருந்த பை சரிந்து முழங்காலில் இடித்தது.

“சனியன்,” என்றாள். இழைப்புளியைக் கீழே வைத்தாள். பையின் வாரை மேலே தோளருகில் இழுத்து, இறுக்கி முடிந்தாள். பை இடுப்போடு நின்றது. மறுபடி குனிந்தாள்.

பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மெல்ல நிமிர்ந்தாள்.

இத்தனை நாளும் கதவின் அடியையும் தாழ்ப்பாள் பக்கத்தையும்தான் பார்த்திருந்தாள். இப்போது எதிர்ப்பக்கம், மேலே, கதவை நிலையோடு பிடித்திருக்கும் மேல் கீலைப் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

கீலுக்கும் நிலைக்கும் நடுவே அவள் சுண்டுவிரல் நுழைந்தது.

திருகாணியைத் தொட்டாள். பால்பல் மாதிரி ஆடியது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

மறுநாள் பட்டறைக்குள் போனதும் அவள் நிற்கவில்லை. குருவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“ஆசாரியம்மா, கதவு வளரல. தொங்குது.”

முத்துப்பேச்சி அரத்தைக் கீழே வைத்தாள்.

“இப்போதான் கதவைக் கொண்டு வந்திருக்கீங்க. சொல்லுங்க.”

“மேல் கீல்ல ஒரு திருகாணியும் பிடிக்கல. முறுக்கினா சும்மா சுத்துது. நிலைக்கட்டையில ஓட்டை பெருசாயிருச்சு. பெரிய திருகாணியாப் போட்டுறவா?”

“போடுங்க. அப்புறம் அதைவிடப் பெருசு. அப்புறம் அதைவிடப் பெருசு. நிலை முழுக்க ஓட்டையாகிற வரைக்கும் போடலாம்.”

ஆவுடையம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

“கிண்டல் பண்ணாதீங்க. நாளைக்கு டெம்போ வந்துரும்.”

முத்துப்பேச்சி எழுந்து மூலையில் கிடந்த மூங்கிலை எடுத்தாள். வெட்டுக்கத்தியால் மெல்லிய சிம்புகளாகப் பிளந்தாள். ஒரு கைப்பிடி சிம்பும் தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் பசையும் சிஷ்யையின் மடியில் வைத்தாள்.

ஆவுடையம்மாள் சிம்பைப் பார்த்தாள். குருவைப் பார்த்தாள். மறுபடி சிம்பைப் பார்த்தாள்.

“ஓட்டையை இதை வச்சு அடைச்சுட்டு... அதுல திருகாணியா?”

“இறுக்கமா அடிங்க. நாளைக்குக் காலை வரைக்கும் தொடக்கூடாது. காய்ஞ்சதும் வெளியே நீட்டுறதை உளியால மட்டமா வெட்டிட்டு, ஆணி முனையால ஒரு வழி போட்டு, அப்புறம்தான் திருகாணி.”

“அதுவரைக்கும் கதவு?”

“அடியில ஆப்பு வச்சுத் தூக்கி நிறுத்துங்க. கீல் மேல பாரம் இருக்கக்கூடாது.”

“நான் சீவித் தள்ளினது? தாழ்ப்பாள் பக்கம் விரல் அகலம் இடைவெளி கிடக்குமே. தாழ்ப்பாள் எட்டாதே!” கையிலிருந்த சிம்பை மடியில் போட்டாள். “சீவினதை எப்படி ஒட்டுறது?”

“ஒட்ட முடியாது. ரெண்டு கீலுக்கும் பின்னால கனமான அட்டை வச்சு முடுக்குங்க. கதவு தாழ்ப்பாள் பக்கமாத் தள்ளி நிக்கும்.”

“என்ன அட்டை?”

“கல்யாணப் பத்திரிகை இருந்தாப் போதும். இப்போ வர்ற பத்திரிகையெல்லாம் பலகை மாதிரிதானே இருக்கு.”

“ஒரே ஒரு தடவை நீங்க வந்து பாத்துட்டுப் போனா என்ன? நாளைக்கு விட்டா எனக்கு வீடே இல்ல.”

“நான் வந்தா அது நான் மாட்டின கதவாயிரும்க்கா.”

அரத்தை எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

வீட்டில் இருந்த பத்திரிகைகளில் கொழுந்தன் நெல்லையப்பனின் மகள் கல்யாணப் பத்திரிகைதான் கனமாக இருந்தது. தங்க நிறத்தில் பூ வேலை செய்த உறை. ஆவுடையம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். சாமி படம் போட்ட பக்கத்தைப் பத்திரமாக வெட்டிப் பூஜை மாடத்தில் வைத்தாள். மீதியைக் கீல் அளவுக்கு நறுக்கினாள். கதவுக்கு ஆப்பு வைத்து, ஓட்டைகளில் பசை தடவிய சிம்பை இறுக்கமாக அடித்துவிட்டுப் படுத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் முதல் வேலையாகச் சிம்பைத் தட்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. உளியை மட்டமாக வைத்து வெட்டினாள். ஆணி முனையால் வழி போட்டாள். கீலுக்குப் பின்னால் நெல்லையப்பன் வீட்டுக் கல்யாணத்தைச் செருகினாள். முதல் திருகாணியை வைத்துத் திருகினாள்.

இரண்டு சுற்று சும்மா சுற்றியது. அவள் இன்னும் அழுத்தித் திருகினாள்.

மூன்றாவது சுற்றில் திருகாணி மரத்தைக் கடித்தது.

அந்தக் கடி அவள் உள்ளங்கை வழியாகத் தோள் வரைக்கும் ஏறியது. ஸ்டூலின் மேல் நின்றபடி அவள் தனியாகச் சிரித்தாள்.

கீழ்க் கீலின் கடைசித் திருகாணிக்கு வந்தபோது தெருமுனையில் டெம்போ ஹாரன் கேட்டது. எழுந்திருக்காமல், திருகாணி நிற்கும் வரை முறுக்கினாள். பிறகு ஆப்பைத் தட்டி எடுத்தாள். கதவைத் திறந்து வைத்தாள்.

நெல்லையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். டெம்போ டிரைவர் வாசல்படியில் நின்றான்.

“என்ன மதினி, ஒரு சாமானும் கட்டி வைக்கல? கட்டில்ல இருந்து ஆரம்பிப்போமா?”

“கதவு சரியாயிருச்சு தம்பி.”

“யாரு ஆசாரி?”

“நான்தான்.”

நெல்லையப்பன் டிரைவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியாப்பா? எங்க மதினி இட்லிக்கு மாவாட்டினது போக இப்போ கதவும் மாட்டுதாங்க.” அவளிடம் திரும்பினார். “விளையாடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ரெண்டு மாசமா இந்தக் கதவு சாத்தி நான் பாக்கல.”

“இப்போ பாருங்க. வெளியே நின்னு பாத்தாத்தான் தெரியும். நிலையோட சேந்திருக்கா, எங்கேயாவது பிடிக்குதான்னு சொல்லுங்க.”

மரத்தைப் பற்றித் தன்னிடம் அபிப்பிராயம் கேட்டதில் நெல்லையப்பனுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி. வெளியே போய், இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து நின்றார்.

“ம், சாத்துங்க.”

ஆவுடையம்மாள் ஒரே விரலால் கதவைத் தள்ளினாள்.

தரை உரசவில்லை. நிலை இடிக்கவில்லை. கதவு தன்னால் போய் நிலைக்குள் உட்கார்ந்தது. தாழ்ப்பாளைப் போட்டாள். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இறங்கியது.

வெளியே டிரைவர் விசில் அடித்தான். “கச்சிதமா இருக்கே அண்ணாச்சி!”

“நீ சும்மா இருடே.” நெல்லையப்பன் அவனை அதட்டினார். பிறகு, “மதினி, பாத்தாச்சு. திறங்க.”

ஆவுடையம்மாள் உள்ளே நின்று கதவைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“மதினி?”

வெளியிலிருந்து கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

பிறகு, விரல் மடக்கி யாரோ தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக. கொஞ்சம் தயங்கி.

ஆவுடையம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“யாரு?” என்று கேட்டாள்.