மயிலாத்தாள் வாங்க நினைத்த வண்டி

"லாரி வாங்கறதுங்களா, குட்டியானை வாங்கறதுங்களா தாயி?"

மயிலாத்தாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நல்லதாயி சீமாறுக்குத் தென்னை ஈர்க்குச் சீவிக்கொண்டிருந்தாள்.

ஆனைமலைக்குப் போகிற வழியில், வாய்க்கால் ஓரத்தில் அவள் வீடு. ஊரார் அதை மடம் என்பார்கள். அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. மயிலாத்தாளைவிட எட்டு வயது சின்னவள். ஆனாலும் மனசில் முள் தைத்தால் மயிலாத்தாள் எடுக்க வருவது அவளிடம்தான். ஒன்பது வருஷப் பழக்கம்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணி கிடக்கட்டும். பொழுது சாயறதுக்குள்ள புரோக்கருக்குப் பதில் சொல்லோணும். இல்லீன்னா ரெண்டு வண்டியும் கைமாறிப் போயிருமாம்."

மயிலாத்தாளுக்கு மரம் கழிக்கிற தொழில். கூரை மேல் சாய்ந்த மாமரம், கரண்டுக் கம்பியில் உரசுகிற வாகை, பட்டுப்போன வேம்பு, எதுவானாலும் கூப்பிடுவார்கள். மேலே ஏறி அறுக்க இரண்டு பேர், அறுத்த கொப்பு பொத்தென்று விழாமல் கீழே கயிறு பிடித்து இறக்க ஒருத்தன். வண்டி ஓட்டுவது அவள் புருஷன் செங்கோடன்.

"இருக்கற வண்டிக்கு என்னங்கக்கா?"

"பாதி நாளு ஒர்க்‌ஷாப்புலதான் கிடக்குது. அந்த மெக்கானிக் புள்ளைக்கு நாந்தான் காலேஜு ஃபீஸ் கட்டறேனாட்ட இருக்குது."

நல்லதாயி சிரித்தாள்.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. "லாரின்னா ஒரு மரத்துக் கொப்பு ஒரே நடையில போயிரும். ஆனா டீசலு குடிக்கும். டயரு ஆறு. குட்டியானை சந்துக்குள்ள நுழையும், செலவும் கம்மி. ஆனா மூணு நடை அடிக்கோணும். மழைக்காலத்துல ரெண்டும் சும்மாதான் நிக்கும். சும்மா நிக்கற வண்டிக்கும் தவணை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு."

"அப்பக் குட்டியானையே வாங்கிருங்க."

"மூணு நடைக்கு டீசலு யாரு ஊத்தறது?"

"அப்ப லாரி."

"லாரிய அவரு ஓட்ட முடியாதுங்களே!"

சொன்ன பிறகுதான், தான் அதைச் சத்தமாகச் சொன்னது அவளுக்கே உறைத்தது.

நல்லதாயி கையிலிருந்த ஈர்க்கைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷத்துக்கு மின்ன விழுந்தாருங்கல்ல," என்றாள் மயிலாத்தாள். குரல் இறங்கிவிட்டது. "இடுப்பு போச்சு. இருபது வருஷம் மரத்து மேலயே இருந்த மனுஷன். கீழ இறக்கியாச்சு. ஏதோ இந்த வண்டி இருக்கப்போய், காத்தால எந்திரிச்சு சட்டையப் போட்டுக்கிட்டுக் கிளம்பறாரு. லாரி வந்தா அதுக்கு வேற லைசென்ஸு, வேற டிரைவரு. அவரு வூட்டுல உக்காருவாரு. உக்காந்தார்னா அவ்வளவுதானுங்க தாயி. எனக்குத் தெரியும்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டா, உன்ற இஷ்டம்பாரு."

"கேட்டீங்களா?"

மயிலாத்தாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டி வெளியதான நிக்குது?" நல்லதாயி எழுந்து சீமாறுக் கட்டைத் தூக்கினாள். "இன்னிக்குச் சந்தை. என்னைக் கொண்டுபோய் விட்டுருங்க."

"என்ற கேள்விக்குப் பதில் சொல்லலீங்களே?"

"சீமாறு வித்தாத்தான் எனக்குச் சோறு. வாங்க."

*

செங்கோடன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். நல்லதாயியைக் கண்டதும் கும்பிட்டான். இறங்கவில்லை. இறங்கி ஏற நேரமாகும்.

மயிலாத்தாள் பழக்கத்தில் வண்டியின் பின்பக்கம் போய்க் காலைத் தூக்கி வைத்தாள்.

"அக்கட்ட எங்க போறீங்க?" என்றாள் நல்லதாயி.

"நான் எப்பவும் பின்னாலதானுங்க."

அது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். மரம் ஏறுகிறவன் உடம்பு குலுங்கக் கூடாது. குலுங்கினால் கை நடுங்கும், கை நடுங்கினால் வாள் நழுவும். அதனால் ஏறுகிற இரண்டு பேருக்கும் முன் சீட்டு. மயிலாத்தாள் வாளும் கயிறும் பார்த்துக்கொண்டு பின்னால் வருவாள். திரும்பும்போது கொப்புப் பாரத்தின் மேல் ஏறிக் குந்திக்கொள்வாள். செங்கோடன் வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து, கண்ணாடி வழியாக அவன் பின்னந்தலையைத்தான் பார்த்து வருகிறாள். தலை நரைத்தது அப்படித்தான் அவளுக்குத் தெரியும்.

"இன்னிக்கு மரம் ஏறறவங்க யாருமில்ல. சீமாறு பின்னால வரட்டும், நீங்க முன்னால வாங்க," என்றாள் நல்லதாயி.

"சீமாறு குலுங்குனா ஒண்ணுமாகாது புள்ளே, ஏறு," என்றான் செங்கோடன்.

மயிலாத்தாள் நடுவில் உட்கார்ந்தாள். நல்லதாயி ஜன்னலோரம்.

வண்டி கிளம்பியது.

செங்கோடனின் இடது கை கீழே போனது. இடது தொடைக்கு அடியில் கையைக் கொடுத்து, காலைத் தூக்கி, கிளச்சின் மேல் வைத்து அமுக்கினான். பிறகு அதே கை கியருக்கு வந்தது. கியர் விழுந்ததும் மறுபடி தொடைக்குப் போய்க் காலை எடுத்துவிட்டது.

மயிலாத்தாள் பார்த்தாள்.

வேகத்தடை வந்தது. கை தொடைக்குப் போனது, கியருக்கு வந்தது, தொடைக்குப் போனது.

மாடு ஒன்று குறுக்கே வந்தது. மறுபடியும்.

அவன் உதடு ஒவ்வொரு தடவையும் உள்ளே மடிந்தது.

நல்லதாயி ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எத்தனை நாளா இப்படிங்க?" என்று கேட்டாள் மயிலாத்தாள்.

"எப்படி?"

"காலைத் தூக்கித் தூக்கி வெக்கறது."

"மொதல்லேர்ந்தேதான்."

"மூணு வருஷமாவா?"

அவன் ரோட்டைப் பார்த்தான்.

"பசங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான உக்காந்து வர்றானுங்க? ஒருத்தனும் வாயத் தொறக்கலியே!"

"சத்தியம் வாங்கி வெச்சிருக்கேன். சொன்னா மரத்துமேல இருக்கையில ஏணிய எடுத்துருவேன்னேன்."

நல்லதாயியின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கினாள்.

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க என்கிட்டச் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? டிரைவர் கூலி மிச்சம், டிரைவர் கூலி மிச்சம்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்றே. இத்தனை செலவுல உனக்கு மிச்சமே அது ஒண்ணுதான். அதையும் கெடுக்கச் சொல்றியா?"



மயிலாத்தாள் அதைச் சொன்னது கூலிக்காக அல்ல. நாலு பேர் காதில் விழட்டும், அவன் காதிலும் விழட்டும், தன்னால் வீட்டுக்கு ஆதாயம் என்று அவன் நிமிர்ந்து நடக்கட்டும் என்றுதான் சொன்னாள். மூணு வருஷமாகச் சொன்னாள்.

வண்டி பாலத்தைத் தாண்டியது.

"வண்டியே வேண்டாம்னா என்ன பண்ணுவீங்கண்ணா?" நல்லதாயி வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"கொப்பு ஏத்தறதுக்குங்களா? விறகுக்கடைக்காரரு நாலு மாசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. அவரு வண்டியிலயே வந்து ஏத்திக்கிட்டுப் போறாராம். நமக்கு ஒரு நடையும் கிடையாது. ஆளும் வாளும் போறதுக்கு, வேலை இருக்கற அன்னிக்கு ஒரு வாடகை ஆட்டோ போதும். வேலை இல்லாத அன்னிக்கு வண்டியே எதுக்குங்க?"

"நாலு மாசமாவா!" என்றாள் மயிலாத்தாள்.

"நீ வண்டி ஓட்டச் சொன்னே. ஓட்டறேன்."

"நான் சொன்னேனுங்களா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த மக்காநாளு சாவிய எடுத்துக் கையில குடுத்தது யாரு?"

அவள்தான். அந்தச் சாவியைக் கொடுப்பதற்கு முன் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டதும் அவள்தான்.

சந்தை வந்துவிட்டது. கை தொடைக்குப் போனது. வண்டி நின்றது.

நல்லதாயி இறங்கிச் சீமாறுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"அண்ணா, அந்த உள்ளங்கையில என்ன தழும்பு?"

செங்கோடன் கையைத் திருப்பிப் பார்த்தான். "இதுங்களா? கயிறு. சின்ன வயசுல, மேல ஏறறதுக்கு மின்ன, கயிறுதான் பிடிச்சேன். ஓட்டு மேல இருக்கற கொப்பை அறுத்தாக்கூட ஒரு ஓடு உடையாது. அடிமரத்துல மூணு சுத்துச் சுத்தி, உக்காந்து, காலை வேருல உதைச்சுக்கிட்டுக் கொஞ்சங் கொஞ்சமா விடோணும். பாரத்தை மரமே தாங்கிக்கும். இப்ப பிடிக்கறானே ஒருத்தன், நின்னுக்கிட்டே பிடிக்கறான். பயந்துட்டான்னா விட்டுடறான்."

"போன வாரம் அந்த டீச்சரம்மா வூட்டு ஓடு?" என்றாள் மயிலாத்தாள்.

"வேற எப்படி உடைஞ்சுதுங்கறே? நான் வண்டிக்குள்ள இருந்து கத்தறேன், அவனுக்குக் கேக்கல."

"எந்தக் காலை உதைக்கோணும்ணா?" என்றாள் நல்லதாயி.

"வலது போதுமுங்க."

நல்லதாயி தலைச்சுமையைச் சரி செய்துகொண்டு சந்தைக் கூட்டத்துக்குள் நடந்தாள்.

"தாயி! எந்த வண்டின்னு சொல்லாமப் போறீங்களே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சீமாறு, சீமாறு," என்று கூவிக்கொண்டே போனாள்.

மயிலாத்தாளின் மடியில் போன் அடித்தது. புரோக்கர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தது. நகர்ந்து உட்காரலாம். அவள் நடுவிலேயே இருந்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"நாளைக்கு அந்த வாகை மரம். பள்ளிக்கூடத்துச் செவுத்து மேலயே சாஞ்சிருக்குது."

"ஆமா."

"கயிறு யாருங்க பிடிக்கறது?"

செங்கோடன் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான். மடியில் வைத்து, விரல்களை ஒருமுறை மூடித் திறந்தான்.



"கயிறு புதுசு வாங்கோணும் மயிலு," என்றான். "இருக்கறது என்ற கைக்கு ஆகாது."