டவரில் ஊர்ந்த ஊதா வெளிச்சம்

சிமெண்ட் ஆலை முதலாளி சிங்காரவேலுவிடம் நியாயம் கேட்டு ஜெயித்தவர் யாருமில்லை. மாவு அரைத்து விற்கும் குருவம்மா போய்க் கேட்டாள்.

"ஐயா, உங்க ஆலைத் தூசி கரண்டு டவர்ல தொங்குற பீங்கான் மேல படியுது. விடியக்காலைப் பனியில தூசி நனைஞ்சா, கரண்டு அது மேலயே ஓடி ஊரே அணைஞ்சு போகுது. பாதி அரைஞ்ச மாவு கிரைண்டர்லயே கிடக்குது. புகைபோக்கிக்கு ஃபில்டர் போடுங்க."

"என் தூசி மதிலைத் தாண்டாது. தாண்டுதுன்னு என் வாயாலேயே சொல்ல வை, அன்னைக்கே போடறேன்!" என்று ஊரார் முன்னால் சிரித்தார் முதலாளி.

மறுநாள் பனி கொட்டும் விடியாத இருட்டில், "டவர்ல ஒரு அதிசயம், வந்து பாருங்க" என்று அவரை அழைத்துப் போனாள். ஊரே அங்கே அண்ணாந்து நின்றது. ஈரப் பீங்கான்களின் மேல் ஊதா வெளிச்சம் கொடிபோல ஊர்ந்து ஏறியது. வானமே சீறுவதுபோல உஸ்ஸென்று ஒரு சத்தம். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"இந்த அதிசயத்தைப் பண்றது கல்குவாரி துரைராசு ஐயாவோட தூசியா இருக்குமோ?" என்றாள் குருவம்மா மெதுவாக.

துரைராசு அவருக்குப் பங்காளி, பரம எதிரி. முதலாளிக்குச் சுருக்கென்றது.

"அவன் தூசி அவன் வாசலைக்கூடத் தாண்டாது! இது பூரா என் ஆலைத் தூசி!"

டமாரென்று ஒரு வெடி. ஊர் அணைந்தது, தூரத்தில் ஆலையும் அணைந்தது.

இருட்டில் குருவம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"கும்பிட்டது போதும் ஐயா. செருப்பை மாட்டிக்கிட்டு ஃபில்டர் வாங்கக் கிளம்புங்க."