காராயியின் பிறந்த வீட்டுக் கற்கள்

கல்லுக்கெல்லாம் காலும் வாயும் இருந்த அந்தக் காலத்தில், கொங்கு நாட்டில் கரடு என்று சொல்லும் ஒரு சின்னக் குன்றின் அடிவாரத்தில் சடையன் என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். அவன் பெண்டாட்டி பெயர் காராயி. கரட்டின் மேலே கற்கள் இருந்தன. சும்மா கிடக்கிற கற்கள் இல்லை, பிள்ளை குட்டியோடு குடும்பம் நடத்திய கற்கள். மரியாதைக்கு அதுகளை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்துக் கல்லின் நிழலில் கொஞ்சம் ஒதுங்கினாலும், கிளம்பும்போது "போயிட்டு வர்றமுங்க" என்று சொல்லி, "செரி, வாங்க" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைக்கும். சொல்லாமல் கொள்ளாமல் உருண்டு போன கல்லுக்கு ஓடுகாலி என்று பெயர். அதை மறுபடி யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளத்தில் தன்னந்தனியாகக் கல் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் அப்படிப் போனதுதான்.

சித்திரை வெயிலில் கற்களுக்கு உடம்பு கொதிக்கும். குளத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் கோடையே முடிந்துவிடும், அவ்வளவு மெதுவான நடை. சடையனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. தான் குடிக்க எடுத்துப் போன சுரைக்குடுக்கைத் தண்ணீரை ஒவ்வொரு கல்லின் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, நாக்கு வறண்டு வீட்டுக்கு வருவான்.

"ஏனுங்க, குடிக்கக் கொடுத்தனுப்பின தண்ணியைக் கல்லுத் தலையில ஊத்திட்டு வர்றீங்களே, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குதா?" என்பாள் காராயி.

"வேற யாருக்கு ஊத்தினேன்? உன்ற பொறந்தவங்களுக்குத்தானே புள்ள."

காராயிக்கு அண்ணன் தம்பி என்று ஒருவரும் இல்லை. அது அவளுக்கு ஒரு குறை. ஆனாலும் சடையன் விடமாட்டான். "உன்ற பிடிவாதத்தைப் பார்த்தாலே தெரியுதே, கரட்டுக் கல்லுங்கதான் உன்ற அண்ணன்மாருன்னு. நான் அவங்களை மச்சான்னுதான் கூப்பிடறேன். அவங்களும் மாப்பிள்ளைன்னு வாய் நிறையக் கூப்பிடறாங்க."

சிரிப்பு வருவது அவனுக்குத் தெரியக் கூடாது என்று அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு குடுக்கை நிரம்பியிருக்கும். ஒன்று அவனுக்கு, ஒன்று பொறந்தவங்களுக்கு.

இப்படி இருந்தவன் ஒரு புரட்டாசியில் காய்ச்சல் வந்து படுத்தான். எழுந்திருக்கவே இல்லை. ஊர் கூடித் தாழியில் வைத்து, கரட்டடியில் குழி தோண்டி இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே முள்ளை வெட்டிப் போட்டது. பிறகு வழக்கப்படி, ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். காராயிக்கு யார் கொண்டுவருவார்கள்? ஊர்ப் பெண்கள் அதைக் கவனித்தார்கள். அவளும் கவனித்தாள். அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், முள்ளெல்லாம் இழுத்துப் போட்டுக் கிடந்தது. புது மண்ணில் கால்தடம். ஒரு குள்ளநரி எட்ட உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அவளைப் பார்த்தது.

"ஆடு மேய்க்கப் போகோணுமே, போ அம்மிணி. இங்கே நாங்க பாத்துக்கறோம்" என்றது.

காராயி தடியை எடுத்துக்கொண்டு குழிமேட்டில் உட்கார்ந்தாள். பட்டியில் ஆடுகள் பசியில் கத்துவது காதில் விழுந்தது. எழுந்து போனால் சடையனின் எலும்பை நரி காடெல்லாம் இறைத்துவிடும். போகாவிட்டால் அவன் குட்டியிலிருந்து வளர்த்த ஆடுகள் பட்டியிலேயே செத்துப்போகும். ஒருத்தி எத்தனை பக்கம்தான் நிற்பாள்? உச்சிவெயில் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் கரட்டிலிருந்து கற்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தது எல்லாவற்றிலும் பெரியது, வழுக்கைத் தலை, பெயரே மொட்டைக்கல்.

"தப்பா நெனைக்காதே அம்மிணி," என்றது மொட்டைக்கல், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஆள்காட்டிக் குருவி வந்து சேதி சொன்னதும் கெளம்பிட்டோம். எங்க நடைதான் உனக்குத் தெரியுமே, எறக்கமா இருக்கவே இப்பவாவது வந்து சேந்தோம். மாப்பிள்ளை முகத்தைக் கடைசியாப் பாக்கக் குடுத்து வைக்கல."

காராயி தடியைக் கீழே வைத்தாள்.

"பொறந்தவங்க கோடி எடுத்துட்டு வரோணும்னு எங்களுக்கும் தெரியும். எங்களுக்கு நெய்யத் தெரியாதே கண்ணு. வெறும் ஒடம்போட வந்திருக்கறோம்."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. மொட்டைக்கல்லின் மேல் சாய்ந்து, "அண்ணா, அவரு போயிட்டாரே" என்று வாய்விட்டு அழுதாள். கற்கள் குழியைச் சுற்றி, எழவுக்கு வந்தவர்கள் உட்காருகிற மாதிரியே வட்டமாக உட்கார்ந்தன. மொட்டைக்கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு, "நீயும் உக்காரு அம்மிணி" என்றன. அவள் அண்ணன்மார் வரிசையில் தானும் ஒருத்தியாக உட்கார்ந்தாள். நரி எழுந்து நடையைக் கட்டியது.

பொழுது சாய்ந்தது. மொட்டைக்கல் தொண்டையைக் கனைத்தது. "அப்ப, நாங்க போயிட்டு..."

காராயி பதறி அதன் வாயைப் பொத்தினாள். "அண்ணா, அதைச் சொல்லாதீங்க. எழவு வீட்டுல 'போயிட்டு வர்றேன்'னு சொன்னா, இன்னொரு எழவுக்கு வர்றேன்னு ஆகிப்போகும். எங்க சனம் சொல்லாமத்தான் எந்திரிச்சுப் போகும்."

கற்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"சொல்லாமப் போறதா? அதுவும் மாப்பிள்ளை வீட்டுல இருந்து?" என்றது மொட்டைக்கல். "சொல்லிட்டுப் போனா உன்ற குடிக்கு ஆகாது. சொல்லாமப் போனா நாங்க ஓடுகாலி. பின்னே எப்பத்தான் சொல்லிக்கறது?"

"கருமாதி முடிஞ்சாச் சொல்லிக்கலாமுங்க. நானே வந்து சொல்றேன்."

"செரி. அதுவரைக்கும் இருக்கறோம்."

மறுநாள் விடிந்ததும் காராயி ஆடுகளைத் திறந்து மேய்ச்சலுக்கு ஓட்டினாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் குடுக்கையோடு வந்து ஒவ்வோர் அண்ணன் தலையிலும் தண்ணீர் ஊற்றி, தன் இடத்தில் சற்று உட்கார்ந்து போனாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கற்களின் கணுக்கால் வரைக்கும் சேறு ஏறியது. மேலேயிருந்து குட்டிக் கற்கள், "அப்பா, எப்ப வருவீங்க?" என்று கேட்டபடி இருந்தன. அதைக் கேட்கும்போதெல்லாம் காராயி குடுக்கையை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுவாள்.

கருமாதியும் முடிந்தது. அன்றைக்கு அவள் கரட்டடிக்குப் போன நடையைப் பார்க்கவேண்டும், கற்களே தேவலை. வாயைத் திறந்தால் அண்ணன்மார் போய்விடுவார்கள், சடையன் நரிக்கு. திறக்காவிட்டால் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்களை ஏமாற்றினதாகும். மேட்டில் அந்த நரி வந்து தயாராக உட்கார்ந்திருந்தது. அதற்கும் கருமாதிக் கணக்குத் தெரியும்.

காராயி எல்லார் தலையிலும் தண்ணீர் ஊற்றினாள். தன் இடத்தில் நின்றாள். "அண்ணா, காரியம் முடிஞ்சு..." என்று ஆரம்பித்தவள், மேட்டில் இருந்த நரியைப் பார்த்து நிறுத்தினாள்.

"இந்த மழையில எனக்குக் காது மந்தமாப் போச்சு அம்மிணி" என்றது மொட்டைக்கல்.

"எனக்குந்தான்" என்றது அடுத்த கல். "எனக்கும், எனக்கும்" என்று வட்டம் முழுக்கச் சொல்லி வந்தது.

அவள் குரலை உயர்த்தினாள். "அண்ணா, உங்க புள்ளைங்க கூப்பிடறாங்க. கருமாதி முடிஞ்சிருச்சு. நீங்க சொல்லிக்கலாம்."

"என்னமோ சொல்றே, ஒண்ணும் விளங்கல. நீ போயி ஆட்டைப் பாரு, கண்ணு. கருமாதி முடிஞ்சா நீயே வந்து சொல்லுவேன்னு சொன்னியல்ல? நீ சொல்ற வரைக்கும் இருக்கறோம்."

காராயிக்குப் புரிந்துவிட்டது. மொட்டைக்கல்லின் ஈரத் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். நரியும் வேறு காடு பார்த்துப் போனது.

காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்களே, பிறகு யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க முடியுமா? பதில் பேசினால் சொன்னது பொய்யாகிவிடாதா? அதனால் அந்தக் கற்கள் காதை மூடின, வாயை மூடின, காலை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டன. அப்பன்மார் அசையாமல் இருப்பதைப் பார்த்து, மேலே இருந்த பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே அமர்ந்து வாயை மூடிக்கொண்டன.

இப்போது சர்க்கார் வந்து அந்தக் கல்வட்டத்துக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடம், கல்லை அசைத்தால் தண்டனை என்று நீலப் பலகையும் வைத்திருக்கிறது. நல்ல காரியம்தான், வைக்கட்டும். அசைக்கப் பார்த்தாலும் அவர்கள் அசைய வேண்டுமே. அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் இன்றும் கோடையில் கொஞ்சம் தண்ணீரை வேலிக்கு இந்தப் புறமிருந்தே கற்கள் மேல் தெளிப்பார்கள். திரும்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

அளந்து பார்க்க வருகிறவர்கள் மட்டும், பெரிய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கல் குறைகிறது, யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று வருத்தப்படுவார்கள். யாரும் எடுக்கவில்லை. கோடி கொண்டுவர முடியாத அண்ணன்மார் தங்கச்சிக்கு விட்ட இடம் அது. அன்றைக்கு விட்டது, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.