சவரிமுத்து தூக்கிய தொட்டி

சவரிமுத்து அண்ணாச்சி வாயைத் திறந்தா உப்பளத்து அம்பாரமே ரெண்டு அடி உசந்துரும். அவர்கிட்ட போய் யோசனை கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

என் பிக்கப் வண்டியில உப்பு ஏத்துற பின்தொட்டி துருப்பிடிச்சு, உள்ள நின்னு குனிஞ்சா ரோடு தெரியும். "நாளைக்கும் இந்தச் சல்லடையைக் கொண்டாந்தா லோடு கிடையாதுலே"ன்னு உப்பள மேஸ்திரி சொல்லிட்டாரு. பழைய இரும்புக் கடையில வேற தொட்டி ஒண்ணு பாத்து வாங்கிட்டேன். ஆனா பட்டறைக்காரன் மாத்திக் கொடுக்க நாலு நாள் ஆகும்ங்கான். நாமளே மாத்திரலாமான்னு, லோடுக்குக் காத்துக் கிடந்த எடத்துல கேட்டேன். டிரைவர் சுடலைக்கண்ணு இருந்தாரு, உப்பு சுமக்குற செல்லத்தாயி அக்கா இருந்தா, இன்னும் அஞ்சு பேரு இருந்தாங்க.

"இதுக்குப் பட்டறையா? நான் ஒத்தை ஆளா மாத்துனவன்லே"ன்னு ஆரம்பிச்சாரு சவரிமுத்து. "எட்டு போல்ட்டு. எட்டும் துரு. ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தேன். நட்டு அசையல, வண்டி திரும்பிட்டு! திருச்செந்தூர் பாத்து நின்ன வண்டி மதுரை பாத்து நிக்கி."

"பிறவு நட்டை எப்படி வே கழட்டுனீரு?"ன்னாரு சுடலைக்கண்ணு.

"முறைச்சுப் பாத்தேன். அதுவா கழண்டுட்டு."

செல்லத்தாயி அக்கா தலையில கெடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டா.

"தொட்டியை இடது கையில தூக்கிட்டேன். வலது கையில போன். மச்சான் பேசுதான், வைக்க முடியுமா? அந்த நேரம் பாத்து அடிச்சுது ஒரு காத்து. தொட்டியும் நானும் நடுக்கடல்ல! சரி, வந்தது வந்தோம்னு உக்காந்தேன். சீலா மீனு தானா துள்ளித் துள்ளி விழுது. ஒன்றரை டன்னு."

"துருப்பிடிச்ச ஓட்டைத் தொட்டி எப்படி வே மிதக்கும்?"ன்னாரு சுடலைக்கண்ணு.

"அங்கதான் இருக்கு விஷயம். ஓட்டைக்கு ஒரு மீனா வாலை வெளிய விட்டு அடைச்சுக்கிட்டுது. அம்புட்டு வாலும் சேந்து அடிச்ச அடியில, தொட்டி விசைப்படகு மாதிரி கரைக்கு வந்துட்டு. மீனை வித்துப்போட்டு, புதுத் தொட்டியைத் தூக்கி வச்சேன். எட்டு போல்ட்டையும் வானத்துல வீசுனேன். மழை மாதிரி எறங்கி, அததோட ஓட்டையில உக்காந்துக்கிட்டுது."

செல்லத்தாயி அக்கா கேட்டா: "அண்ணாச்சி, பின்னால லைட்டுக்குப் போற வயரு? டீசல் ஊத்துற வாய்க்குழாய்? அதையெல்லாம் கழட்டாமலா தொட்டியத் தூக்குனீரு?"

அண்ணாச்சி எந்திரிச்சு வேட்டியை உதறுனாரு. "அதெல்லாம் நீங்க சின்ன ஆளுவ பாக்குற வேலை"ன்னாரு.

சாயங்காலம் நாங்களே இறங்கிட்டோம். வயரைப் பிடுங்கி, டீசல் வாய்க்குழாயைக் கழட்டி, நட்டுக்கெல்லாம் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டோம். அப்படியும் மூணு நட்டு அசையல, வெட்டித்தான் எடுத்தோம். எனக்கு முழங்கையில தோலு போச்சு. பழைய தொட்டியைத் தூக்க நான், சுடலைக்கண்ணு, செல்லத்தாயி அக்கா, அந்த அஞ்சு பேருன்னு எட்டு பேரு. நடுமுதுகு விட்டுப்போச்சு. புதுசை ஓட்டைக்கு ஓட்டை சரியா உக்கார வைக்கிறதுக்குள்ள சுடலைக்கண்ணு என் பரம்பரையையே ஏசிட்டாரு. சவரிமுத்து அண்ணாச்சியும் வந்திருந்தாரு. நிழல்ல நின்னு, "அந்தால! இந்தால!"ன்னு கையைக் காட்டிக்கிட்டிருந்தாரு. கடைசில லைட்டு எரிஞ்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிட்டு, பொய் சொல்லல.

மறுநாள் மேஸ்திரி தொட்டியைத் தட்டிப் பாத்துட்டு லோடு ஏத்தச் சொன்னாரு. நான் வண்டியை நிறுத்திட்டு வந்தா, வெளியூரு டிரைவர் ரெண்டு பேரை உக்கார வச்சுப் பேசிக்கிட்டிருக்காரு சவரிமுத்து.

"நேத்து ஒரு தொட்டி மாத்துனேன். சும்மா தூக்கியிருந்தா ஒரு விரலு போதும். எட்டு பேரு அதைப் பிடிச்சுத் தொங்குதானுவ, எவனும் விட மாட்டேங்கான். என்ன செய்ய? அவனுவளையும் சேத்துத்தான் தூக்கி வச்சேன்."

அவங்க நம்பாம சிரிச்சாங்க. அண்ணாச்சி திரும்பி என்னைப் பாத்தாரு. கூச்சமே இல்ல மனுசனுக்கு.

"வேணும்னா இவன்கிட்டயே கேளுங்க. எட்டு பேருல இவன்தான் ரொம்பக் கனம்."