சபைக்கு வந்த புள்ளிமான்கள்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். புள்ளிமான் என்றால் அவருக்கு உயிர். காடோ வரவர வெறிச்சோடிக்கொண்டே வந்தது. மான்கள் ஏன் குறைகின்றன என்று பௌர்ணமிக்குப் பௌர்ணமி பண்டிதர்களைக் கூட்டி வாதம் நடத்தினார். ஜெயித்தவருக்கு வழக்கமான சன்மானம் உண்டு.

அன்றும் ஒருவர் புலி என்றார், ஒருவர் மழை என்றார். தலைமைப் பண்டிதர் தர்க்கபூஷணர் சனிப்பெயர்ச்சி என்று அடித்துச் சொன்னார். வாங்கிய சன்மானங்களை அடுக்கி அவற்றின் மேலேயே உட்கார்வதால் அவர் மற்றவர்களைவிட ஒரு முழம் உயரமாகத் தெரிவார்.

விகடகவி சொக்கப்பன் வெறுந்தரையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டான். அவனைக் கண்டாலே தர்க்கபூஷணருக்கு ஆகாது.

"மன்னா, கொட்டாவி விடும் மேதையே மான்களைக் கண்டுபிடிக்கட்டுமே!"

எரிச்சலில் இருந்த ராஜா எழுந்துவிட்டார். "சொக்கப்பா, பொழுது சாய்வதற்குள் மான்களை இந்தச் சபைக்குக் கொண்டு வா. முடியாவிட்டால் நாட்டைவிட்டே போய்விடு!"

சொக்கப்பனுக்கு முதலில் சாப்பாட்டுக் கவலைதான் வந்தது. அரண்மனைப் புளியோதரையை இனி எங்கே போய்ச் சாப்பிடுவது? எதிரே தர்க்கபூஷணர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவரோடு சேர்ந்து இருக்கையும் குலுங்கியது. அதைப் பார்த்ததும் சொக்கப்பனுக்கு உயிர் வந்தது.

"இப்போதே ஆகட்டும், மன்னா. பண்டிதர்கள் சற்று எழுந்து நிற்க வேண்டும்."

எழுந்தார்கள். அவரவர் இருக்கையிலிருந்த மான்தோலை உருவி, ராஜாவின் முன் விரித்தான் சொக்கப்பன். தர்க்கபூஷணரிடம் ஒரு மந்தையே இருந்தது.

"அரசர் கேட்டது உயிருள்ள மானை!" என்று அலறினார் அவர்.

"அப்படிச் சொல்லவில்லையே, சுவாமி. மன்னா, வாதத்தில் ஜெயித்தால் ஒரு மான்தோல் என்பது தாங்கள் வைத்த வழக்கம். மான் ஏன் குறைகிறது என்று கண்டுபிடிக்கும்போதெல்லாம் ஒரு மான் குறைகிறது."

ராஜா மெல்லத் திரும்பித் தன் சிம்மாசனத்தைப் பார்த்தார். இருப்பதிலேயே பெரிய தோல் அங்கேதான் கிடந்தது. முகம் சுருங்கியது. பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார்.

"பலே, சொக்கப்பா! யாரங்கே, இவனுக்கு ஒரு மான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒரு கோரைப்பாய் கொண்டு வாருங்கள்! பாய் நிறையப் பொற்காசும்!"

அன்று முதல் அங்கே சன்மானம் கோரைப்பாய்தான். காட்டில் மான்குட்டிகள் துள்ளத் தொடங்கின. தர்க்கபூஷணரும் மற்றவர்களின் உயரத்துக்கே இறங்கிவிட்டார்.