திரும்பும் இடம்

திருமலைக்கொழுந்து லாரி ஆபீஸில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த லாரி எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு, மேற்கு மலை அடிவாரத்தில் இருந்த உலகம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவருடைய மகள் வயதுதான். அவர் குருவை அம்மா என்று அழைத்தார். குரு அவரை ஐயா என்றார்.

மலை உச்சியில் ஒரு வெள்ளைப் பாறை. அதன்மேல் நின்றால் அந்தப் பக்கம் கடல் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள். கொழுந்துக்கு அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முழங்கால் இன்னும் எத்தனை வருஷம் ஒத்துழைக்கும் என்று தெரியாது.

மழைக்காலம் முடிந்ததும் வனத்துறையில் அனுமதி வாங்கினார். இரவுச் சாப்பாட்டின்போது குருவிடம் திட்டத்தைச் சொன்னார்.

"விடியும்போது கிளம்புறோம். ஓடைக்கரையில பலகாரம். புளியோதரை கட்டிக்கிறோம். கால்ல அட்டை ஏறினா தடவ சுண்ணாம்பும் புகையிலையும் எடுத்து வச்சிட்டேன். பேச்சியும் வர்றேங்குறா."

பேச்சி மடத்தில் சமைப்பவள். ஒரு கால் சற்று இழுத்து நடப்பாள்.

"எங்க திரும்புறோம்?" என்று உலகம்மை கேட்டார்.

"உச்சியிலதாம்மா."

"உச்சி வரலன்னா?"

கொழுந்து சிரித்தார். குரு சிரிக்கவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார்.

காலையில் கிளம்பும்போது கொழுந்து சொன்னார்: "சூரியன் தலைக்கு மேல வந்ததும், எங்க நின்னாலும் திரும்பிடுவோம். அப்பத்தான் பேச்சி வெளிச்சத்துலயே இறங்க முடியும்."

"சரி" என்றார் உலகம்மை.

மூவரும் ஏறினார்கள். பேச்சி முன்னால் போனாள். அவள் நின்றபோதெல்லாம் மற்ற இருவரும் நின்றார்கள். காட்டுக்குள் ஈரமண் வாசனை. மேலே எங்கோ மலையணில் கத்தியது. கொழுந்து அடிக்கடி அண்ணாந்து வெயிலைப் பார்த்துக்கொண்டார்.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்துக்கு வந்தபோது நிழல் காலடியில் சுருங்கியிருந்தது. எதிரே வெள்ளைப் பாறை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்போல் இருந்தது. ஆனால் செங்குத்தான ஏற்றம்.

"இன்னும் கொஞ்சந்தாம்மா" என்றார் கொழுந்து.

"ஆமா."

"நான் இங்கனயே உட்கார்ந்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் பேச்சி.

சற்றுமுன் ஒரு புற்றைக் கடந்து வந்திருந்தார்கள். கரடி தோண்டிய மண் இன்னும் காயாமல் கிடந்தது. பேச்சியும் அதைப் பார்த்திருந்தாள்.

"திரும்பணும்னு சொன்னது நான்தானே. நானே மாத்திக்கிட்டா என்னம்மா?"

"மாத்தலாம். சொன்னப்போ மனசுல என்ன இருந்துச்சு?"

"எல்லாரும் பத்திரமா வீடு வரணும்னு இருந்துச்சு."

"இப்ப?"

கொழுந்து பாறையைப் பார்த்தார். பேச்சி பக்கம் திரும்பினார். அவள் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகாததுபோல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குவோம்" என்றார்.

மரங்கள் மறைக்கும்வரை அவர் பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். ஓடைக்கு வந்ததும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவசரம் இல்லை, பொழுது நிறைய மிச்சம் இருந்தது. கொழுந்து தண்ணீருக்குள் காலைத் தொங்கப்போட்டார். சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தின. கூச்சம் தாங்காமல் காலை உதறினார்.

"லாரி ஆபீஸ் கால் ருசியா இருக்கும்போல" என்றாள் பேச்சி.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் குளித்தார். வெதுவெதுப்பான பாறையில் படுத்துக் கொஞ்ச நேரம் தூங்கிக்கூடப் போனார். மற்ற இருவரும் எழுப்பவில்லை.

வெயில் இருக்கும்போதே மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பேச்சி உலை வைக்கப் போனாள். கொழுந்து முற்றத்தில் நின்று மேலே பார்த்தார். பாறைக்குப் பின்னால் சாயங்கால வானம் சிவந்திருந்தது. ஒரு மேகம்கூட இல்லை.

"அம்மா, மழை பெய்யல. கரடியும் வரல. பேச்சி நல்லாத்தான் இறங்கினா. மேல போயிருந்தாலும் திரும்பி வந்திருப்போம்."

"வந்திருக்கலாம்."

"அப்ப சும்மாவா திரும்பினோம்?"

உலகம்மை கால் கழுவ எடுத்த செம்பைக் கீழே வைத்தார்.

"ஓடையில மீன் கொத்துறப்போ ஏன் ஐயா இதைக் கேக்கல?"