ரப்பர் தவளை

"கோபத்தை எப்படிக் கொல்றதுன்னு சொல்லுங்கம்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

எத்திராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார். லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நாளெல்லாம் சுத்தியல் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். அதைத் தாழ்த்த அவருக்குத் தெரியாது.

மரகதம்மாள் அவருடைய குரு. ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். எத்திராஜைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரை 'நீ' என்றுதான் பேசுவார். அதில் இருவருக்கும் குறையில்லை. அமைதியைத் தேடி அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் அந்தம்மாளின் வாய்க்குப் பயந்து மறுபடி வந்ததில்லை.

"முதல்ல செருப்பைக் கழட்டு. ஞாயித்துக்கிழமை என்ன?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. நிரோஷாவைக் கூட்டிட்டுப் போக."

நிரோஷா எத்திராஜின் மகள். கணவன் அடித்ததால் மறுபடியும் அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த முறை அவளுக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை.

"முன்னயும் இதே மாதிரி வந்தாளே. அப்ப என்ன பண்ணின?"

"பஞ்சாயத்து வெச்சோம். நம்ம வீட்டுக் கூடத்துலதான். மாப்பிள்ளையோட தாய்மாமன் பக்தவச்சலம் இருக்கானே, அவன் வெத்தலையை மென்னுக்கிட்டே சொல்றான்: 'தகரத்தை அடிச்சு நிமித்தத் தெரிஞ்சவருக்குப் பொண்ணை நிமித்தத் தெரியலையே. அதான் எங்க பையன் கஷ்டப்படுறான்.' பாய்ஞ்சு ஒண்ணு விட்டேன். பல்லு விழுந்துடுச்சு."

"அப்புறம்?"

"நாலு பேர் என்னைத் தூக்கிட்டுப் போய் தெருவுல வெச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் பஞ்சாயத்து பூரா அந்தப் பல்லைப் பத்தித்தான். எம் பொண்ணு முதுகுல இருந்த தழும்பைப் பத்தி ஒருத்தன் பேசல. நான் தெருவுல கிடந்த நேரத்துல அவளைக் கார்ல ஏத்திட்டாங்கம்மா."

கடைசி வாக்கியம் மட்டும் அவருக்குச் சரியாக வரவில்லை.

"எல்லாம் என் கோபத்தால வந்ததுன்னு ஊரே சொல்லுது. தம்பி சொல்றான். வீட்டுக்காரி சொல்றா. 'இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு உட்காருங்க, நல்லபடியா அனுப்பி வெச்சிடலாம்'னு. சரின்னுட்டேன். ஆனா அந்த வெத்தலை வாயைப் பார்த்தா எனக்குக் கை நிக்காது. கோபமே வராத மாதிரி ஏதாவது பண்ணிவிடுங்க."

மரகதம்மாள் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"வண்டியில தூண்டில் இருக்கா?" என்று கேட்டார்.

"மழைக்காலத்துல அது இல்லாம நான் எங்க போறேன்?"

"எடுத்துட்டு வா."

தூண்டில் எத்திராஜின் ஒரே பொழுதுபோக்கு. முதல் மழையில் ஏரி நிறைந்ததும் விரால் பிடிக்கக் கிளம்பிவிடுவார். தின்பதற்கு அல்ல. பிடிப்பார், கையில் ஏந்திப் படம் எடுப்பார், திரும்ப விட்டுவிடுவார். ஒரு மீனைக்கூடக் கொன்றதில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குப் பெருமை.

இருவரும் கரையோடு நடந்தார்கள். கோரை மண்டிய ஓர் இடத்தில் எத்திராஜ் நின்றார்.

"அதோ, தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்குதே, தெரியுதா? செவப்பா இருக்கே, அத்தனையும் விரால் குஞ்சு. மூச்சு வாங்க மேல வருதுங்க. பெத்தது கீழயே காவல் நிக்கும்."

"எதை வெச்சுப் பிடிப்ப?"

எத்திராஜ் பெட்டியைத் திறந்து பச்சை நிற ரப்பர் தவளை ஒன்றை எடுத்துக் காட்டினார். முதுகில் இரண்டு கொக்கிகள் படிந்திருந்தன. மரகதம்மாள் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஒரு வாசனையும் இல்லையே. பசிக்கு இதையா தின்னும்?"

"பசியா!" எத்திராஜ் சிரித்தார். "குஞ்சு வெச்சிருக்கிற விராலுக்குப் பசி ஏதும்மா? இது கோபத்துல கடிக்கிறது. குஞ்சுக்கு நடுவுல தவளை குதிச்சா அதுக்குப் பொறுக்காது. முதல்ல வந்து முட்டும். விடாம சீண்டிக்கிட்டே இருக்கணும். கடைசியில ஆங்காரத்தோட கவ்வும் பாருங்க! இந்தப் பருவத்துல மட்டும்தான் இவ்ளோ சுலபமா மாட்டும்."

"சரி, போடு."

எத்திராஜ் வீசினார். தவளை சிவப்புக் கூட்டத்தின் நடுவே விழுந்து துள்ளியது. கீழிருந்து ஏதோ முட்டியது. இழுத்து மறுபடி வீசினார். மறுபடி முட்டியது. அடுத்த வீச்சில் தண்ணீர் வெடித்தது. நூல் விறைத்தது. கொஞ்ச நேரம் போராடி, முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைக் கரையேற்றினார்.

ஈரப் புல்லில் மண்டியிட்டு, மீனை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையால் செல்போனைத் தேடினார். முகமெல்லாம் சிரிப்பு. சட்டென்று குருவை நிமிர்ந்து பார்த்தார்.

"அட! இதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தீங்களா? கோபப்பட்டுது, மாட்டிக்கிச்சு. நானும் அப்படித்தான். சும்மா இருந்திருந்தா இது தப்பிச்சிருக்கும். புரிஞ்சுதும்மா!"

"பாதிதான் புரிஞ்சுது. திரும்பிப் பாரு."

எத்திராஜ் திரும்பினார்.

கோரையின் ஓரத்தில் ஜிலேபிக் கெண்டைகள் முதுகு தெரியக் குஞ்சுகளின் மேல் பாய்ந்துகொண்டிருந்தன. சளப் சளப்பென்று சத்தம். எங்கிருந்தோ வந்த இரண்டு கொக்குகள் நின்ற இடத்திலேயே குனிந்து குனிந்து பொறுக்கின. பானை வாய் அகலத்துக்கு இருந்த சிவப்பு, நாலாபக்கமும் கிழிந்து சிதறிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் பிடித்திருக்கிறார். மீன் கைக்கு வந்தபின் அவர் தண்ணீரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"ஐயோ," என்றார். செல்போன் புல்லில் விழுந்தது. கொக்கியைப் பிடுங்கி மீனைத் தண்ணீரில் விட்டார். அது வாயில் ரத்தத்தோடு நேராக அந்த இடத்துக்கே போனது. கெண்டைகள் சிதறி ஓடின. கொக்குகள் எழும்பித் தள்ளிப் போய் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையளவு சிவப்பு மட்டும் மேலே வந்தது.

மரகதம்மாள் தூண்டிலை எடுத்தார். பழக்கமில்லாத கையால் ஓங்கி வீசினார். தவளை குஞ்சுகளுக்கு அருகே போய் விழுந்தது.

"என்னம்மா பண்றீங்க?"

"இன்னொரு தடவை பார்க்கலாம். செல்லை எடு."

"வேணாம்மா. மிச்சம் இருக்கிறதே கொஞ்சம்."

"மீனுதானே? கொல்லவா போறோம், விட்டுடுவோம்."

தவளையைச் சுண்டி இழுத்தார். கிழிந்த வாயோடு விரால் வந்து முட்டியது. மறுபடி சுண்டினார்.

எத்திராஜ் வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் போய்த் தவளையைக் கையால் பிடித்தார். கொக்கி உள்ளங்கையில் ஏறியது.

"நிறுத்துங்க!"

கொக்குகள் ஏரியைவிட்டே பறந்தன. மரகதம்மாள் கரையில் நின்று நூலை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அடேங்கப்பா! பெத்த பொண்ணை அனுப்பி வைக்கிறேன்னு ஒத்துக்கிட்டு வந்தவன், மீன் குஞ்சுக்குக் காவல் நிக்கிறியா? தகரம் தட்டுறவனுக்குப் புத்தி வேற எப்படிப் போகும்?"

எத்திராஜின் கழுத்து நரம்பு புடைத்தது. கை முஷ்டியாக இறுகியது. முஷ்டிக்குள் கொக்கி இருந்தது. கரை எட்டிவிடும் தூரம்தான். ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு பின்னால் இருந்த அந்தக் கையளவு சிவப்பைத் திரும்பிப் பார்த்தார். எடுத்து வைத்த காலை மறுபடி பழைய இடத்திலேயே ஊன்றிக்கொண்டார்.

"என்ன வேணா சொல்லுங்க," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "நான் இங்கருந்து நகர மாட்டேன். நூலை அறுத்து விடுங்க."

"மாட்டேன்னா?"

"விடியற வரைக்கும் நிப்பேன்."

மரகதம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

எத்திராஜ் கரையேற வெகுநேரமாயிற்று. குரு அவர் கையை மடியில் வைத்துக் கொக்கியைப் பின்னோக்கித் தள்ளி எடுத்தார். முந்தானையைக் கிழித்துக் கட்டினார்.

கிளம்பும்போது எத்திராஜ் தயங்கி நின்றார்.

"கோபத்தைக் கொல்ற வழியை நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பத்திரமா வெச்சிரு," என்றார் மரகதம்மாள்.